வலப்பக்கத்து விரிசல்

ஜெல்மீராவுக்குப் பித்தப்பையை அறுத்து எடுத்தபோது, மயக்கம் தெளிந்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "அந்தக் கல்லெல்லாம் எங்கே?" என்பதுதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் தண்ணீர் கேட்கிறாளோ என்று எழுந்தேன். அவளுக்குத் தண்ணீர் வேண்டாம், கல்தான் வேண்டும். நர்ஸ் முகத்தைச் சுளித்துக்கொண்டு ஒரு சின்ன டப்பாவில் ஐந்து கற்களைக் கொண்டுவந்து கொடுத்தாள். அடுத்த வாரம் அதில் ஒன்றைத் தன் சமையலறை மேசையில் வைத்து ரம்பத்தால் குறுக்கே அறுத்து, பூதக்கண்ணாடியை என் கையில் திணித்தாள்.

"பாருடீ யோலானா, வளையம் வளையமா இருக்கு. ஒரே நாள்ல வந்ததில்ல இது. நான் பாட்டுக்குக் குலாஷ் கறி தின்னுக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன், இது பாட்டுக்கு உள்ள வளர்ந்துக்கிட்டு இருந்திருக்கு."

"அறுத்த கையைக் கழுவிட்டுக் காபி போடு," என்றேன் நான்.

அவள் குணம் அப்படி. எதற்கும் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். கல்யாணமான புதிதில் கணவனின் கைக்கடிகாரத்தைப் பிரித்துப் போட்டுவிட்டு, திரும்பப் பூட்டத் தெரியாமல் ஒரு வருடம் அதை டப்பாவிலேயே வைத்திருந்தாள். அவன் லாரி ஓட்டுபவன். வாரத்தில் ஐந்து நாள் ஜெர்மனி சாலைகளில் இருப்பான். அதனால் அவளுக்கு யோசிக்க நிறைய நேரம் இருந்தது என்று எங்கள் கேன்டீனில் சொல்வார்கள்.

நாங்கள் இருவரும் வாஹ் ஆற்றங்கரையில் உள்ள சக்கரப் பணிமனையில் வேலை பார்த்தோம். ஸ்லோவாக்கியாவில் ஓடும் சரக்கு ரயில் பெட்டிகளின் சக்கரங்களில் பாதி எங்களிடம் வந்துதான் போகும் என்று பெருமையாகச் சொல்வோம். பாதி இருக்காது, இருந்தாலும் சொல்வோம். நான் கூரைக்கடியில் ஓடும் கிரேனை ஓட்டுகிறவள். இரண்டு சக்கரமும் அவற்றை இணைக்கும் அச்சும் சேர்ந்த ஜோடியை மேலிருந்து தூக்கி, ஒரு மேடையிலிருந்து இன்னொரு மேடைக்கு இறக்குவேன். ஜெல்மீரா கீழே, கறுப்புத் திரை போட்ட கூண்டுக்குள் அந்த அச்சில் விரிசல் இருக்கிறதா என்று தேடுவாள். அதற்கு முன்பு அவள் கண்ணாடித் தொழிற்சாலையில் இருந்தவள். ஊறுகாய்க் குடுவைகளை விளக்குக்கு முன் பிடித்துப் பிடித்துக் குமிழி தேடிய கண். தொழிற்சாலை மூடியதும் அந்தக் கண்ணை அப்படியே எங்களிடம் கொண்டுவந்தாள்.

அச்சு என்பது மனிதத் தொடை கனத்துக்கு ஒரு இரும்பு உருளை. பார்த்தால் யாருக்கும் அசையாது என்றுதான் தோன்றும். ஆனால் பெட்டியின் பாரம் அதன் இரு முனையிலும் உட்கார்ந்திருப்பதால் அது ஓடும்போது மயிரிழை அளவுக்கு வளைந்தபடியேதான் சுற்றும். ஒரு சுற்றில் மேல்பக்கம் இழுபடும். அதே இடம் கீழே வரும்போது அழுந்தும். ஒரு கிலோமீட்டருக்கு முந்நூற்றைம்பது தடவை இப்படி. கம்பியை இப்படியும் அப்படியும் வளைத்து முறிப்போமே, அதே வேலைதான், மிக மிக மெதுவாக. எங்காவது ஒரு துரு குழித்திருந்தாலோ, தண்டவாளத்துக் கல் தெறித்து ஒரு வடு விழுந்திருந்தாலோ, அங்கிருந்து விரிசல் கிளம்பும். இரும்பு களைத்துப் போகிறது என்பார்கள் எங்கள் ஆட்கள்.

ஜெல்மீராவின் வேலை அந்தக் களைப்பைக் கண்டுபிடிப்பது. அச்சைக் காந்தமாக்கி, இரும்புத்தூள் கலந்த திரவத்தை ஊற்றி, ஊதா விளக்கைப் பிடிப்பாள். விரிசல் இருந்தால் தூள் அங்கே சேர்ந்து பச்சை மயிரிழை போல ஒளிரும். பிறகு ஆஸ்பத்திரியில் கர்ப்பிணிக்குச் செய்வது போல அல்ட்ராசவுண்ட். இருபத்திரண்டு வருடத்தில் அவள் நாற்பத்தொரு விரிசல் கண்டுபிடித்திருந்தாள். எங்கள் பணிமனையில் வேறு யாரும் அதில் பாதியைக்கூடத் தொடவில்லை. கண்டுபிடித்த அச்சை அன்றைக்கே வெட்டி உலைக்கு அனுப்பிவிட வேண்டும். அதுதான் விதி.

அதுதான் அவளுக்கு ஆறாத குறை.

"நான் பார்க்காம விட்டிருந்தா அது எப்போ உடைஞ்சிருக்கும்?" என்று ஒவ்வொரு தடவையும் கேட்பாள். "அடுத்த வாரமா? முப்பது வருஷம் கழிச்சா? உடையாமலேகூட இருந்திருக்குமோ?"

பணிமனைத் தலைவர் ஹ்ருஷ்கா, "உடையலைல்ல? சந்தோஷப்படுங்க அம்மா. வீட்டுக்குப் போங்க," என்பார். அவருக்குக் கேள்விகள் பிடிக்காது. மாதக் கடைசியில் எத்தனை ஜோடி வெளியே போனது என்ற ஒரே கணக்குதான் பிடிக்கும்.

2012 கோடையில் செக் நாட்டு ஆய்வுக்கூடம் ஒன்றிலிருந்து ஹினெக் பஸ்தெரா என்ற இன்ஜினியர் வந்தார். ஒட்டகச்சிவிங்கி மாதிரி உயரம். எந்த வாசலிலும் குனிந்துதான் நுழைவார். சோதனை எப்படி நடக்கிறது என்று எட்டு சோதனைக்காரர்களிடமும் விவரம் கேட்டுக்கொண்டு போனார். ஜெல்மீராவின் கூண்டுக்கு வந்தபோது நான் கிரேனை மேலே நிறுத்திவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்கு இறங்கியிருந்தேன். அதனால் முழுதும் காதில் விழுந்தது.

"எங்க கணக்குல நாங்க எப்படித் தொடங்குறோம்னா," என்றார் அவர், "ஒவ்வொரு அச்சுலயும் விரிசல் இருக்குன்னே வச்சுக்குவோம்."

"இருக்குன்னா? எங்க இருக்கு?"

"எங்கயோ. நீங்க பார்க்காம விட்ட ஒண்ணு."

ஜெல்மீரா கையிலிருந்த துணியை மேசையில் வைத்தாள். "நான் பார்க்காம விட்டதா?"

"உங்களைக் குறிப்பா சொல்லல..."

"இந்தக் கூண்டுல வேற யாரு இருக்கா? யோலானாவா? அவ கிரேன் ஓட்டுறவ."

அவர் வியர்த்தாலும் விடவில்லை. "அம்மா, கேளுங்க. மனுஷன் எவனா இருந்தாலும் சின்ன விரிசல விட்டுருவான். அது தப்பில்ல, இயற்கை. விட்டது எவ்வளவு வேகமா வளரும்னு தெரிஞ்சா, உடையறதுக்கு முன்னாடி அதப் பார்க்க இன்னும் ரெண்டு மூணு சந்தர்ப்பம் கிடைக்கிற மாதிரி சோதனை நாளை வைக்கலாம். ஒருத்தர் விட்டா அடுத்தவர் பிடிப்பார். அவ்வளவுதான்."

"எவ்வளவு வேகமா வளரும்?" அவள் குரல் மாறிவிட்டது. கோபம் எங்கே போனதோ தெரியவில்லை.

"அதான் எனக்கும் சரியா தெரியல. ரம்பத்தால செயற்கையா வெட்டி வச்ச அச்சை ஓட்டிப் பார்த்திருக்கேன். ஓடி ஓடித் தானா விரிசல் விட்ட அச்சு ஒண்ணு வேணும். கேட்ட இடத்துல எல்லாம் வெட்டி உலையில போட்டுடறாங்க."

ஜெல்மீரா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். பித்தக் கல்லைக் கேட்ட பார்வை.

அடுத்த விரிசல் கிடைக்க ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதமும் அவள் ஒவ்வொரு அச்சையும் ஆவலோடு பார்த்ததைக் கண்டு நாங்கள் சிரித்தோம். கெட்டதைக் கண்டால் இப்படிச் சந்தோஷப்படத் தயாராக இருக்கும் சோதனைக்காரி உலகத்திலேயே இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை கூண்டுக்குள்ளிருந்து கத்தினாள். இடப்பக்கம், சக்கரம் உட்காரும் இடத்தை ஒட்டி, பதினோரு மில்லிமீட்டர் நீளத்துக்குப் பச்சைக் கோடு. ஆழம் இரண்டு மில்லிமீட்டர் என்று அல்ட்ராசவுண்ட் சொன்னது.

ஹ்ருஷ்கா அதை விடுவதாக இல்லை. "விரிசல் விட்ட அச்சு என் வாசலைத் தாண்டி முழுசா வெளிய போனா, நாளைக்கு அது எவன் பெட்டிக்கு அடியில போய் நிக்கும்? எனக்கு ஜெயிலா?"

"பேரிங் உட்கார்ற முனையை ரெண்டையும் ரம்பத்தால கீறிடறேன். அப்புறம் யாரும் எந்தப் பெட்டியிலயும் மாட்ட முடியாது."

"விதியில அப்படி இல்ல."

"விதியில 'பயன்படுத்த முடியாதபடி ஆக்கணும்'னுதான் இருக்கு. உருக்கணும்னு இல்ல. படிச்சுப் பார்த்தேன்."

மூன்று வாரம் கடிதம் போனது, வந்தது. கடைசியில் அவர் கையெழுத்துப் போட்டது சம்மதத்தினால் அல்ல, அவள் தினமும் அறை வாசலில் வந்து நின்றதனால்தான். நானே அந்த அச்சைத் தூக்கி லாரியில் இறக்கினேன். ஜெல்மீரா கீழே நின்று, "மெதுவாடீ! மெதுவா! முட்டை இறக்குற மாதிரி இறக்கு!" என்று கத்தினாள். சக்கரங்களோடு சேர்த்து ஒரு டன் இரும்பு. அதற்கு முன் இருபது வருடம் அது கல் மேல் ஓடியது.

மார்ச் மத்தியில் பஸ்தெரா அதை இயந்திரத்தில் பூட்டினார். ஒரு நொடிக்குப் பத்துச் சுற்று. இருந்த இடத்திலேயே மணிக்கு நூறு கிலோமீட்டர் ஓட்டம், இரவும் பகலும். ஒரு நாளைக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர். நிஜப் பெட்டியில் அளந்த பாரத்தையே அதன் மேல் ஏற்றினார். வாரம் ஒருமுறை விரிசலை அளந்து, திங்கட்கிழமை காலையில் போன் செய்வார். அவள் அந்த எண்ணைக் கேன்டீன் சுவரில் இருந்த காலண்டரில் எழுதுவாள்.

இரண்டு. இரண்டு. இரண்டு. இரண்டு புள்ளி ஒன்று. இரண்டு புள்ளி ஒன்று.

கேன்டீனில் பந்தயம் தொடங்கிவிட்டது. எந்தத் தேதியில் உடையும் என்று ஆளுக்கொரு நாளில் பெயர் எழுதினோம். தோற்றவர்கள் சேர்ந்து ஜெயித்தவருக்கு ஒரு போத்தல் ப்ளம் சாராயம். ஏப்ரல் போனது. மே மாதத்தின் பெயர்கள் ஒவ்வொன்றாக அடிபட்டன. எண் இரண்டு புள்ளி இரண்டிலேயே நின்றது.

"நல்ல அச்சைப் பிடிச்சு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டியே ஜெல்கா," என்றான் ஒருவன், ஜெல்மீராவைச் செல்லப்பெயரில் கூப்பிட்டு, ரொட்டியை மீன் சாலட்டில் தோய்த்தபடி. "அது நம்ம எல்லாருக்கும் முன்னாடி பென்ஷன் வாங்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். ஆனால் மாலையில் பேருந்து நிறுத்தத்தில் என்னிடம் கேட்டாள்: "யோலானா, நாற்பத்தொண்ணும் இப்படித்தானோ? சும்மா இருந்ததையெல்லாம் வெட்டிப் போட்டேனோ?"

"உனக்குச் சம்பளம் விரிசலைப் பார்க்கறதுக்கு. அது உடையறதுக்கு இல்ல."

"ம்ம்," என்றாள். அவளுக்கு அது போதவில்லை என்று தெரிந்தது.

ஜூனில் இரண்டு நாள் விடுப்பு எடுத்து அவள் அங்கே போனாள். துணைக்கு நானும் போனேன். தடித்த கண்ணாடிக்குப் பின்னால் அச்சு சுற்றிக்கொண்டிருந்தது. சுற்றுவதே தெரியவில்லை, பளபளவென்று அசையாமல் நிற்பது போலத்தான் இருந்தது, தரை மட்டும் காலுக்கடியில் முனகியது. அவள் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றாள். பஸ்தெரா எங்களுக்குக் காபியும் கோலாச் பன்னும் வாங்கிவந்தார். அவர் செக் மொழியில் பேசுவார், நாங்கள் ஸ்லோவாக்கில் பேசுவோம், இரண்டும் அக்கா தங்கை மொழிகள், யாருக்கும் கஷ்டமில்லை.

"தூங்குதா அது?" என்று கேட்டாள் அவள்.

"அப்படித்தான் தோணுது. பக்கத்துலயே சக்கரம் அழுத்திப் பிடிச்சிருக்கறதால திறக்க வழியில்லையோ என்னவோ. எனக்கே ஆச்சரியமாத்தான் இருக்கு."

"இன்ஜினியருக்கே ஆச்சரியமா இருந்தா நாங்க எங்க போறது?"

"ஆச்சரியம் இல்லைன்னா நான் வேற வேலைக்குப் போயிருப்பேன் அம்மா," என்றார் அவர்.

ஜூலை பத்தாம் தேதி, புதன்கிழமை, காலை இடைவேளையில் அவள் போன் அடித்தது. திங்கள் இல்லையே என்று எல்லாரும் நிமிர்ந்தோம். அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு போனை மேசையில் வைத்தாள்.

"உடைஞ்சிருச்சு."

ஒரே சத்தம். யார் தேதி, யார் தேதி என்று காலண்டருக்கு ஓடினார்கள்.

"என் விரிசல்ல இல்ல," என்றாள் அவள். "வலப்பக்கம்."

நாங்கள் மறுபடி போனோம். இந்தத் தடவை ஹ்ருஷ்காவும் வந்தார், தன் பணிமனையின் பெயர் எங்கே எப்படி எழுதப்படும் என்ற கவலையில். அச்சு இரண்டு துண்டாக மேசை மேல் கிடந்தது. அவள் குறித்த இடப்பக்க விரிசல் அப்படியே, இரண்டு புள்ளி இரண்டில். உடைந்தது ஒரு மீட்டருக்கும் மேல் தள்ளி, மறுகோடியில், பழைய பெயின்டுக்கு அடியில்.

பஸ்தெரா ஒரு துண்டை எடுத்து, அச்சு உடைந்த முகத்தை விளக்குக்குத் திருப்பினார். சிப்பி ஓட்டின் வெளிப்புறம் போல, ஓரத்திலிருந்து கோடு கோடாக விரிந்திருந்தது. வாரம் ஒருமுறை சற்று நேரம் பாரத்தைக் குறைத்து ஓட்டினால் முகத்தில் ஒரு கோடு விழும் என்றும், அதற்காகவே அப்படி ஓட்டியதாகவும் சொன்னார். ஜெல்மீரா குனிந்து விரல் நுனியால் எண்ணினாள். பதினேழு கோடு. பதினேழு வாரம். விளிம்பிலிருந்து தள்ளியிருந்த கோடுகள் அகல அகலமாக, விளிம்பை நோக்கிப் போகப் போக நெருக்கமாக இருந்தன. எல்லாக் கோடுகளுக்கும் முன்னால், விளிம்பை ஒட்டி, சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பழுப்பு.

"இது என்ன?"

அவர் விளக்கை இன்னும் பக்கத்தில் இழுத்தார். "துரு. மத்த இடமெல்லாம் இந்த இயந்திரத்துல திறந்தது, அதான் பளிச்சுனு இருக்கு. இது அதுக்கு முன்னாடியே திறந்திருக்கு. ஒண்ணரை மில்லிமீட்டர் ஆழம்."

"என் மேசை மேல இருந்தப்பவே."

"ஆமாம்."

ஹ்ருஷ்கா தொண்டையைக் கனைத்தார். "இடப்பக்கம் விரிசல் கிடைச்சதும் அம்மா அத்தோட நிறுத்திட்டாங்க போல. கெட்ட அச்சுன்னு முடிவான பிறகு மறுபக்கம் ஏன் பார்க்கணும்? அப்படி எழுதிக்கலாமே. நியாயம்தானே?"

நல்லெண்ணத்தில்தான் சொன்னார் என்று நினைக்கிறேன். ஒரு வழி திறந்துவிட்டார். ஜெல்மீரா நிமிர்ந்தாள்.

"இல்ல. வலப்பக்கம்தான் முதல்ல பார்த்தேன். என் தாள்ல இருக்கு. 'சுத்தம்'னு எழுதியிருக்கேன்."

அவள் மறுபடி அந்தப் பழுப்பைப் பார்த்தாள். திட்டு வாங்கிய ஆளின் முகம் இல்லை அது. காது சிவந்திருந்தது, ஆனால் கண் அங்கிருந்து நகரவில்லை.

"ஒண்ணரையிலேருந்து உடையற வரைக்கும் எத்தனை கிலோமீட்டர்?"

"ஏறக்குறைய மூணு லட்சம். அந்தப் பெட்டி ஓடற ஓட்டத்துக்கு அஞ்சு வருஷம்."

"எங்ககிட்ட நாலு வருஷத்துக்கு ஒருதடவை வரும். அப்போ எனக்கு இன்னும் ஒரே ஒரு தடவைதான் கிடைச்சிருக்கும்."

"ஆமாம். அந்த நேரத்துல அது ஆறு ஏழு மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். பத்துப் பேர்ல ஒன்பது பேர் பிடிச்சிருவாங்க."

"அந்தப் பத்தாவது ஆள்?"

பஸ்தெரா கையை விரித்தார். "அதுக்காகத்தான் ஒரு தடவை போதாதுன்னு நான் சொல்றேன்."

திரும்பும் ரயிலில் ஹ்ருஷ்கா தூங்கிப் போனார். ஜெல்மீரா ஜன்னலுக்கு வெளியே ஒன்றையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தாள். "இருபத்திரண்டு வருஷம்," என்றாள் திடீரென்று. "இதோட சேர்த்து நாற்பத்திரண்டு பிடிச்சேன்னு எல்லாரும் எண்ணினோம். எத்தனை விட்டேன்னு யாரும் எண்ணலியே."

"எண்ண முடியாததை எப்படி எண்ணுறது?"

"முடியும்," என்றாள்.

செப்டம்பரில் அவள் என்ன நினைத்தாள் என்பது எல்லாருக்கும் தெரிந்தது. எங்கெங்கே விரிசல் இருக்கிறது என்று பஸ்தெராவுக்கு மட்டும் தெரிந்த அச்சுத் துண்டுகளை வரவழைத்து, எட்டு சோதனைக்காரர்களும் ஒவ்வொருவராகத் தேட வேண்டும். மொத்தம் இருபது விரிசல். சில துண்டுகளில் ஒன்றுமே இருக்காது.

கேன்டீன் கொதித்தது. "இந்த வயசுல பரீட்சையா?" "நீ விட்டதுக்கு நாங்க ஏன்டீ உட்காரணும்?" "அந்தச் செக் நாட்டுக்காரன் உன் மூளையையும் சேர்த்துச் சுத்த விட்டுட்டானா?" ஒருவன் அவள் தட்டுக்குப் பக்கத்தில் பள்ளிக்கூடச் சிலேட்டு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தான். ஹ்ருஷ்காவும் தலையாட்டினார்: "மார்க்கு குறைஞ்சவன் நாளைக்கு எப்படி அம்மா கையெழுத்துப் போடுவான்?"

"முதல்ல நான் உட்கார்றேன்," என்றாள் அவள். "என் மார்க்கைச் சுவத்துல ஒட்டுங்க. அதுக்கு மேல வேணும்னா நீங்க உட்காருங்க, வேண்டாம்னா போங்க."

இரண்டு நாள் உட்கார்ந்தாள். இருபதில் பதினான்கு. அவளே எழுதி, அவளே காலண்டர் இருந்த இடத்தில் ஒட்டினாள். அதைப் பார்த்த பிறகு மற்றவர்களுக்கு வெளியே நிற்க முடியவில்லை. ஜெல்மீராவைத் தோற்கடிக்கலாம் என்ற ஆசையும் ஒரு காரணம், மறைப்பானேன்.

பன்னிரண்டு, பதினொன்று, பதினான்கு, ஒன்பது, பதின்மூன்று, பத்து. கடைசியாக பிளாஜெய். நாற்பது வயது, பேச்சு குறைவு, எல்லாரையும்விட மெதுவாக வேலை செய்கிறவன். ஒரு அச்சுக்கு மற்றவர்கள் எடுக்கும் நேரத்தைப் போல் இரண்டரை மடங்கு எடுப்பான். ஹ்ருஷ்கா மாதாமாதம் அவனைத் திட்டுவார். நாங்கள் அவனை நத்தை என்போம், அவன் முகத்துக்கு நேராகவே.

பிளாஜெய் நான்கு நாள் எடுத்தான். பதினெட்டு.

முதலில் யாரும் நம்பவில்லை. பஸ்தெராவே மறுபடி சரிபார்த்தார். பதினெட்டுதான். இல்லாத விரிசலை இருக்கிறது என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

ஜெல்மீரா அன்றைக்கே ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு அவன் கூண்டுக்குப் போய்விட்டாள். "நீ என்ன செய்யறேன்னு பார்க்கணும்."

"ஒண்ணும் செய்யல," என்றான் அவன், சங்கடத்தோடு.

"அப்போ நீ ஒண்ணும் செய்யாததைப் பார்க்கறேன். நீ பாட்டுக்கு இரு."

ஒரு வாரம் உட்கார்ந்தாள். அவன் பெயின்டைச் சுரண்டினான். விதி சொன்ன இடத்தில் மட்டுமல்ல, எங்கே சற்று உப்பியிருந்தாலும். விளக்கைப் பிடிக்கும் முன் இருட்டில் கண்ணை மூடி ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்தான். அச்சை இரண்டாம் தடவை எதிர்த் திசையில் சுற்றிப் பார்த்தான்.

"ஏன் எதிர்த் திசையில?"

"ஒரே பக்கமா சுத்துனா கண்ணு பழகிப்போயிடும். அடுத்தது என்ன வரும்னு அதுவே முடிவு பண்ணிடும்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "சொன்னா சிரிப்பீங்கன்னு சொல்லல," என்றான்.

"சிரிச்சிருப்போம்," என்று ஒப்புக்கொண்டாள் அவள்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் மெதுவாக, தாள் தாளாக நடந்தது. இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் அச்சின் பெயின்டை முழுதும் உரிப்பது என்று முடிவானது. ஒரு அச்சுக்கான நேரம் கூடியது; வெளியே போகும் ஜோடி குறைந்தது. ஹ்ருஷ்கா இரண்டு மாதம் புலம்பினார். பிறகு ப்ராட்டிஸ்லாவாவில் ஒரு கூட்டத்தில் போய் இது தன் பணிமனையின் யோசனை என்று பேசிவிட்டு வந்தார். அதற்குப் பின் புலம்பவில்லை. பெட்டிகளின் சொந்தக்காரர்கள் பஸ்தெராவின் கணக்கைப் பார்த்து, அந்த வகை அச்சுகளை நான்கு வருடத்துக்குப் பதிலாக இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அனுப்ப ஒத்துக்கொண்டார்கள். பிளாஜெயை யாரும் நத்தை என்று சொல்வதில்லை என்று எழுத ஆசைதான். சொல்கிறோம், ஆனால் இப்போது அவனே சிரிக்கிறான்.

2015 வசந்தத்தில் பிளாஜெய் கூண்டிலிருந்து எட்டிப் பார்த்து, கிரேனில் இருந்த எனக்குக் கை காட்டினான். "ஜெல்காவைக் கூப்பிடு. அவசரம் இல்ல. ஆனா கூப்பிடு."

அச்சின் நடுப்பகுதியில் ஒரு பச்சைக் கோடு. நான்கு மில்லிமீட்டர் ஆழம். அவன் பழைய தாளை எடுத்து வைத்திருந்தான். இரண்டு வருடம் முன்பு, அந்த ஜூலைக்கும் முன்னால், அதே அச்சைப் பார்த்து அனுப்பியவள் ஜெல்மீரா.

அவள் திரைக்குள் போனாள். நானும் இறங்கிப் போய்ப் பின்னால் நின்றேன். ஊதா வெளிச்சத்தில் அவள் முகம் தெரியவில்லை. கோட்டின் மேல் நகத்தை வைத்து இழுத்தாள். நகத்துக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை.

"நான் விட்டது," என்றாள்.

"ஆமாம்," என்றான் பிளாஜெய். அவனுக்குப் பூசி மெழுகத் தெரியாது. "நானும் போன மாசம் ஒண்ணு விட்டிருப்பேன். எதுன்னுதான் தெரியல."

அவள் சிரித்துவிட்டாள். ரயிலில் அன்று இறுகியிருந்த ஏதோ ஒன்று அப்போதுதான் அவிழ்ந்தது என்று எனக்குப் பட்டது. "நாலு வருஷம்னு விட்டிருந்தா இன்னும் ரெண்டு வருஷம் ஓடியிருக்கும்," என்றாள். "சரி, வெட்டாதே. பஸ்தெராவுக்கு போன் போடறேன். இதோட முகம் எப்படி இருக்குன்னு பார்க்கணும்."

இப்போது அவள் மாதத்தில் பாதி நாள் பணிமனையில் இருப்பதில்லை. பஸ்தெராவின் துண்டுகளைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போலந்து, ஹங்கேரி என்று பணிமனை பணிமனையாகப் போய்ச் சோதனைக்காரர்களுக்குப் பரீட்சை வைக்கிறாள். அவள் வருகிறாள் என்று தெரிந்தாலே பலருக்கு அன்று உடம்பு சரியில்லாமல் போய்விடும். போன வாரம் போலந்தில் ஒருவர், முப்பது வருட அனுபவம் உள்ளவராம், கையைக் கட்டிக்கொண்டு உட்கார மாட்டேன் என்று நின்றாராம். தன் வேலையைச் சந்தேகப்பட இவள் யார் என்று கேட்டாராம்.

"நீ என்ன சொன்னே?" என்று கேட்டேன்.

"இருபதுக்குப் பதினாலுன்னு என் மார்க்கைச் சொன்னேன். கட்டியிருந்த கையை அவுத்தாரு. அப்புறம் கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டு, விளக்கு எங்கன்னு கேட்டாரு."